ஐஎஸ்எஸ்என் நம்பர் போட்டிருந்தா மருந்து நிரூபிக்கப்பட்டதுனு அர்த்தமா?

1/
"எங்கள் பவுடர் சர்வதேச மருத்துவ இதழில் நிரூபிக்கப்பட்டது. ஐஎஸ்எஸ்என் எண் கீழே உள்ளது."

இந்த மாதிரி வரி போட்ட விளம்பரம் உங்க குடும்ப வாட்ஸப் குரூப்புக்கும் கண்டிப்பா வந்திருக்கும். சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு, கிட்னி கல்லுக்கு, முடி வளர.. எல்லாத்துக்கும் இதே வரிதான். அந்த எட்டு இலக்க எண் உண்மையில் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, அதை உங்க செல்போனிலேயே எப்படிச் சரிபார்க்கலாம் என்பதுதான் இன்றைய பதிவு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க மக்களே.

2/
"இது லைப்ரரி சமாச்சாரம், டாக்டருக்கு இதுல என்ன வேலை?"னு கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

அரசு மருத்துவமனையில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையைத் திடீர்னு நிறுத்திட்டு வருபவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். அதில் பாதிப்பேர் ஏமாளிகள் கிடையாது. "ஆதாரம் இருக்கா?"னு கேட்டுட்டுதான் பவுடர் வாங்கியிருப்பாங்க. ஆதாரம்னு அவங்க கையில் கொடுக்கப்பட்டது ஒரு எண். அந்த எண்ணை எப்படிப் படிக்கணும்னு மட்டும் யாரும் சொல்லித் தரலை. அந்த வேலையைத்தான் இங்கே செய்யப்போறேன்.

3/
முதலில் அடிப்படை.

புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் இருக்கிற மாதிரி, தொடர்ந்து வெளிவரும் இதழ்களுக்கு இருப்பது ஐஎஸ்எஸ்என். எட்டு இலக்கம். நாலு, நடுவில் ஒரு சின்னக் கோடு, மறுபடி நாலு. 1975-ல் ஐஎஸ்ஓ 3297 என்ற சர்வதேசத் தரமாக இது வெளிவந்தது. இதன் தலைமை மையம் பாரிஸில் இருக்கு. பல நாடுகளுக்குத் தனி மையம் உண்டு. இந்தியாவுக்கு டெல்லியில், சிஎஸ்ஐஆரின் கீழ்.

இங்கே ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. நம்ம நாட்டில் இந்த எண்ணை வாங்க கட்டணம் கிடையாது. இதழ் நடத்துபவர் விண்ணப்பிக்கணும், இதழின் விவரங்களைக் கொடுக்கணும். அவ்வளவுதான்.

4/
அப்போ எதுக்கு இந்த எண்?

பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க. உலகம் முழுக்க ஒரே பெயரில், கிட்டத்தட்ட ஒரே பெயரில் பல இதழ்கள் வருது. ஒரு ஊரில் நாலு முருகன் இருந்தா தபால்காரர் என்ன செய்வார்? கதவு எண்ணைப் பார்ப்பார். அதே கதைதான். நூலகர்கள் ஒரு இதழை இன்னொன்றோடு குழப்பிக்காம இருக்க ஒரு எண் தேவைப்பட்டது.

ஆக இது அடையாள எண். தரச் சான்று கிடையாது. ஐஎஸ்ஐ முத்திரை மாதிரியோ, மருந்துக்கான லைசென்ஸ் மாதிரியோ நினைச்சுடாதீங்க. உள்ளே வரும் கட்டுரையை யாரும் படிச்சுப் பார்த்துட்டு இந்த எண்ணைக் கொடுப்பதில்லை. ஒரு நாளிதழும் வாங்கலாம், சமையல் மாத இதழும் வாங்கலாம், ஜோதிட இதழும் வாங்கலாம்.

5/
இந்த எண்ணுக்குள்ள ஒரு சின்னக் கணக்கு இருக்கு. பத்தாவது பையனே போட்டுடுவான்.

லான்செட் மருத்துவ இதழின் எண் 0140-6736. கடைசி 6-ஐ விட்டுடுங்க. மீதி ஏழு இலக்கத்தை வரிசையா 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்குங்க. 0 + 7 + 24 + 0 + 24 + 21 + 6. மொத்தம் 82. அதை 11 ஆல் வகுத்தா மீதி 5. 11-லிருந்து 5 போனா 6. அதுதான் கடைசி இலக்கம்! விடை 10 வந்தா எக்ஸ் எழுத்தைப் போடுவாங்க. மீதி எதுவும் இல்லைனா 0.

தட்டச்சுப் பிழையைப் பிடிக்க வந்த ஏற்பாடு இது. வாய்க்கு வந்த எட்டு எண்ணை அடிச்சுவிட்டவங்களும் பெரும்பாலும் இந்தக் கணக்குலேயே மாட்டிக்குவாங்க.

6/
ஆனா கொஞ்சம் விவரமானவங்க சும்மா எண்ணை உருவாக்க மாட்டாங்க. வேற யாரோ ஒருத்தருடைய உண்மையான எண்ணை எடுத்துப் போட்டுடுவாங்க. கணக்கு சரியா வரும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்க ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்றேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை விட்டுட்டேன்.

7/
தொற்றாநோய்ப் பிரிவுக்கு ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பது தாண்டிய வயசு. பல வருஷமா சர்க்கரை மாத்திரை, ராத்திரி இன்சுலின். மூணு மாசமா மாத்திரை வாங்க வரவே இல்லை. வந்தப்போ கால் விரல்ல புண், சர்க்கரை 412.

"மாத்திரை போடுறீங்களாம்மா?"

"இல்ல சார், பவுடர்தான் சாப்புடுறேன். மாத்திரை கிட்னிய கெடுத்துடும்னு போட்டிருந்துச்சு."

கூட வந்த மகன் டிகிரி முடிச்சவர். செல்போன்ல அந்த விளம்பரத்தை எடுத்து நீட்டினார். "யாரோ சும்மா சொன்னது இல்ல சார். இன்டர்நேஷனல் ஜர்னல்ல வந்திருக்கு. நம்பரே போட்டிருக்காங்க பாருங்க."

8/
அந்த இடத்துல "அதெல்லாம் ஃப்ராடுப்பா"னு சொல்லியிருந்தா என்ன ஆகும்? எனக்குத் தெரியும். "இங்கிலீஷ் மருந்து டாக்டர் அப்படித்தான் சொல்வார்"னு வீட்டுக்குப் போய்ப் பேசுவாங்க. என் வார்த்தைக்கும் விளம்பரக்காரர் வார்த்தைக்கும் நடுவுல போட்டி. விளம்பரத்துல இருப்பவர் என்னைவிட இனிமையா பேசுறவர்.

அதனால, "தம்பி, என்னை நம்ப வேண்டாம். உங்க போன்லயே இந்த நம்பரைப் போட்டுப் பாருங்க"னு சொன்னேன். ஐஎஸ்எஸ்என் போர்ட்டல் பக்கத்தைத் திறந்து எட்டு இலக்கத்தையும் அவரே அடிச்சார். வந்தது என்ன தெரியுமா? வெளிநாட்டில் வரும் ஒரு பொருளாதார இதழ். மருத்துவத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.

9/
அவர் எதுவும் பேசலை. "அட்மிஷன் போடுங்க சார்"னு மட்டும் சொன்னார். இன்சுலின் மறுபடி ஆரம்பிச்சோம், புண்ணுக்குச் சிகிச்சை கொடுத்தோம். ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. கால் தப்பிச்சது.

என் பத்து நிமிஷ அட்வைஸ் செய்யாததை அந்த ஒரு தேடல் செஞ்சது. ஏன்னா பதில் என் வாயிலிருந்து வரலை. நூலகர்கள் தயாரிச்சு வெச்ச ஒரு பதிவேட்டிலிருந்து வந்தது. அந்தப் பதிவேட்டுக்குப் பவுடர் விக்கிறவர் மேல கோபமும் இல்லை, என் மேல பாசமும் இல்லை.

10/
இப்போ பதிவின் மையத்துக்கு வருவோம். வெறும் எண்ணா போடுவதும், தொட்டா நூலகப் பட்டியலுக்குப் போகும் இணைப்பா போடுவதும் ஒண்ணு இல்லை.

ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரையில் அடிக்குறிப்பில் ஐஎஸ்எஸ்என் எண் இருந்தா கவனிச்சிருக்கீங்களா? பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். தொட்டா வேர்ல்ட்கேட் என்ற நூலகப் பட்டியலுக்குப் போகும். அந்த இதழின் பெயர், யார் வெளியிடுவது, எந்த வருஷத்திலிருந்து வருது, எந்தெந்த நூலகத்தில் இருக்குனு பார்க்கலாம்.

விளம்பரத்தில் இருக்கும் எண்ணைத் தொட்டா எங்கேயும் போகாது. அது படம்! காப்பிகூடப் பண்ண முடியாது.

11/
இணைப்பு கொடுத்தவர் "போய்ப் பாத்துக்கோங்க"ங்கிறார். எண்ணைப் படமாப் போட்டவர் "யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்க"ங்கிற தைரியத்துல இருக்கார். எட்டு இலக்கத்தை ஒரு தாள்ல எழுதி, ஒரு தளத்தைத் தேடி, அங்கே தட்டச்சு செய்ய எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? நூத்துக்கு ஒருத்தர் இருந்தாலே அதிகம். ஒரு தொடுதல்னா? நூத்துக்குப் பத்துப் பேராவது தொட்டுப் பார்ப்போம். அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தர் குடும்ப குரூப்புல "இது பொய்"னு போட்டாலே போதும்.

12/
இந்த வேர்ல்ட்கேட் எங்கிருந்து வந்ததுனு ஒரு சின்னக் கதை.

1967-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கல்லூரி நூலகங்கள் சேர்ந்து ஓசிஎல்சி என்ற அமைப்பைத் தொடங்கினாங்க. ஒரே புத்தகத்துக்கு ஒவ்வொரு நூலகரும் தனித்தனியா அட்டை எழுதுவது வீண் வேலை, ஒருத்தர் எழுதினதை எல்லாரும் பயன்படுத்துவோம் என்பது யோசனை. 1971 ஆகஸ்ட் 26-ல் ஒஹையோ பல்கலைக்கழக நூலகத்திலிருந்து கணினி வழியாகப் பட்டியலிடும் வேலை ஆரம்பமானது. இன்னைக்குப் பல நாட்டு நூலகங்கள் அதில் சேர்ந்திருக்கு. 2006 முதல் பொதுமக்களும் இணையத்தில் நேரடியா தேடலாம்.

ஒருத்தருக்கொருத்தர் வேலையைக் குறைக்க நூலகர்கள் செய்த ஏற்பாடு, ஐம்பது வருஷம் கழிச்சு நம்ம ஊர் ஓபியில் உதவுது பாருங்க.

13/
"கட்டுரைக்கு டிஓஐ எண் இருக்கே, அதைத் தொட்டா நேரா கட்டுரைக்கே போயிடுமே, ஐஎஸ்எஸ்என் எதுக்கு?"னு மருத்துவ மாணவர்கள் கேட்பாங்க.

நல்ல கேள்வி. டிஓஐ ஒரு வீட்டின் கதவுக்குக் கூட்டிட்டுப் போகும். ஐஎஸ்எஸ்என் அந்தத் தெருவைக் காட்டும். கட்டுரை எங்கே இருக்குனு தெரிஞ்சுக்க டிஓஐ போதும். அந்தத் தெரு எப்படிப்பட்ட தெரு, யார் நடத்துறாங்க, எத்தனை வருஷமா இருக்குனு தெரிஞ்சுக்க ஐஎஸ்எஸ்என் வேணும். அது மட்டுமில்ல, டிஓஐ இல்லாத பழைய கட்டுரைகளும் சின்ன இதழ்களும் ஏராளம். அங்கே ஐஎஸ்எஸ்என்தான் கைகொடுக்கும்.

14/
ஒரு நல்ல உதாரணம். மலேரியா கொசு மூலமாப் பரவுது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அந்தக் கட்டுரை அதே வருஷம் டிசம்பர் 18-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. அப்போ ஐஎஸ்எஸ்என் என்ற ஒன்றே கிடையாது. பழைய இதழ்களுக்கும் பின்னாளில் எண் கொடுத்தாங்க.

இங்கேதான் சுவாரசியம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற பழைய பெயருக்கு 0007-1447. 1981-ல் பெயரோடு 'கிளினிக்கல் ரிசர்ச் பதிப்பு' என்று சேர்ந்ததும் 0267-0623. 1988-ல் பிஎம்ஜே என்று சுருங்கியதும் 0959-8138. இதழ் ஒண்ணுதான், எண் மூணு. பெயர் பெரிதாக மாறினால் எண்ணும் மாறும் என்பது விதி.

15/
ராஸ் கட்டுரைக்குக் கீழே யாராவது இன்றைய பிஎம்ஜே எண்ணைப் போட்டா, தேடுபவர் 1988-க்குப் பிந்தைய இதழ்களில் போய் நிற்பார். "இதுல 1897-ஏ இல்லையே"னு குழம்புவார். நூலகப் பட்டியலில் பார்த்தா "முன்பு இந்தப் பெயரில் வந்தது, பின்பு இந்தப் பெயரில் தொடர்ந்தது"னு சங்கிலி மாதிரி எழுதியிருக்கும். அதைப் பிடிச்சுட்டே போனா சரியான இடத்துக்குப் போயிடலாம்.

அச்சுப் பதிப்புக்கு ஒரு எண், இணையப் பதிப்புக்கு ஒரு எண் என்றும் இருக்கும். லான்செட் இணையப் பதிப்பின் எண் 1474-547எக்ஸ். ஆகவே ரெண்டு எண் இருப்பதைப் பார்த்து உடனே போலினு முடிவு பண்ணிடாதீங்க.

16/
சரி, எந்தப் பட்டியலில் தேடலாம்? நான் பயன்படுத்துவது மூணு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கேள்விக்குப் பதில் சொல்லும்.

ஐஎஸ்எஸ்என் போர்ட்டல்: இந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டது? மூலப் பதிவேடே இதுதான். 2018 முதல் அடிப்படை விவரங்களை இலவசமாப் பார்க்கலாம்.

வேர்ல்ட்கேட்: எந்த நூலகங்கள் இதை வாங்கி வெச்சிருக்கு?

என்எல்எம் கேட்டலாக்: அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியல். இந்த இதழ் மெட்லைன் தொகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கானு இதில் தெளிவாப் போட்டிருக்கும். மருத்துவ இதழ்னா நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஐசிஎம்ஆர் நடத்தும் இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச், எண் 0971-5916, தேடிப் பழகுங்க. நம்ம நாட்டு இதழ், 1913 முதல் வருது.

17/
இங்கே ஒரு எச்சரிக்கை. வேர்ல்ட்கேட்டில் இல்லைனா போலினு அர்த்தம் இல்லை. எல்லா நூலகமும் அதில் சேரலை. தமிழில் வரும் ஒரு நல்ல சிற்றிதழ் அதில் வராமல் போகலாம், போர்ட்டலில் இருக்கும். அதே மாதிரி மெட்லைனில் இல்லாத நேர்மையான இதழ்களும் உண்டு. இன்னொண்ணு, பப்மெட்டில் வரும் எல்லாமே மெட்லைன் தேர்வு செய்ததும் கிடையாது. பப்மெட் அதைவிடப் பெரிய கடை.

தேடலில் வர வேண்டியது ஒரே ஒரு விஷயம். விளம்பரம் சொல்லும் பெயரும் பதிவேட்டில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகுதா? போகலைனா கதை அங்கேயே முடிஞ்சது.

18/
ஒத்துப்போச்சுனா எல்லாம் சரியா? இல்லை. இங்கேதான் ரொம்பப் பேர் ஏமாறுவாங்க.

உண்மையான இதழின் பெயரையும் எண்ணையும் திருடி அச்சு அசலா ஒரு இணையதளம் நடத்தும் கூட்டம் இருக்கு. கடத்தப்பட்ட இதழ்கள்னு சொல்வாங்க. ஆஸ்திரியாவின் வுல்ஃபேனியா என்ற தாவரவியல் இதழுக்கும், ஜெனீவாவின் ஆர்ஷிவ் தே சியான்ஸ் இதழுக்கும் இது நடந்தது. 2013-ல் நேச்சர் இதழே இதைச் செய்தியா வெளியிட்டது. போலித் தளத்தில் கட்டுரை போடப் பணம் வாங்குவாங்க. எண்ணைத் தேடினா சரியாத்தான் வரும், ஏன்னா எண் உண்மையானது!

இதுக்கு வழி: எண்ணைத் தேடி, பட்டியலில் இருக்கும் வெளியீட்டாளர், நாடு, இணைய முகவரி மூணையும் விளம்பரத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்க. ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற அமைப்பும் கடத்தப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றை வெச்சிருக்கு.

19/
காசு வாங்கிட்டு எதையும் அச்சடிக்கும் இதழ்கள் இன்னொரு ரகம். எண் அவங்களுடையது, பெயரும் அவங்களுடையது, எல்லாம் சட்டப்படி. உள்ளே சரக்குதான் இருக்காது. 2018 மே மாதம் யுஜிசி தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே மூச்சில் நீக்கியது. எண் வெச்சிருப்பது தகுதி ஆகாது என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

20/
கடைசி எல்லை. இதழ் உண்மை, எண் உண்மை, தரமும் உலகப் புகழ். அப்பவும் உள்ளே இருக்கும் ஒரு கட்டுரை பொய்யா இருக்கலாம்.

1998 பிப்ரவரியில் லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. வெறும் 12 குழந்தைகளை வெச்சு, எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டது. உலகம் முழுக்கப் பெற்றோர்கள் பயந்தாங்க. பிறகு நடந்த பெரிய ஆய்வுகள் எதிலும் அந்தத் தொடர்பு நிரூபணம் ஆகலை. 2010 பிப்ரவரியில் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதை எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயரை அதே வருஷம் பிரிட்டன் மருத்துவப் பதிவிலிருந்து நீக்கினாங்க.

2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தப்போ வாட்ஸப் வதந்தியால் எத்தனை பெற்றோர் தயங்கினாங்கனு நமக்கே தெரியும். ஆக, இதழைப் பார்த்த பிறகு கட்டுரைத் தலைப்பை பப்மெட்டில் தேடுங்க. திரும்பப் பெற்றிருந்தா அங்கேயே எச்சரிக்கை போட்டிருக்கும்.

21/
சுருக்கமா ஒரு வழிமுறை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

ஒண்ணு: விளம்பரத்தில் இதழின் முழுப் பெயர் இருக்கா? எண் மட்டும் இருந்தா சந்தேகப்படுங்க.
ரெண்டு: எண்ணை ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் தேடுங்க. பெயர் ஒத்துப்போகணும்.
மூணு: மருத்துவம் என்றால் என்எல்எம் கேட்டலாக்கில் பாருங்க.
நாலு: கட்டுரையின் தலைப்பை பப்மெட்டில் தேடுங்க. கட்டுரையே இல்லைனா ஆதாரமும் இல்லை.
அஞ்சு: கட்டுரை கிடைச்சா, ஆய்வு மனிதர்களிடமா எலியிடமா, எத்தனை பேரிடம்னு பாருங்க. புரியலைனா உங்க டாக்டரிடம் காட்டுங்க. காட்டுவதில் தப்பே இல்லை.

22/
இணையத்தில் மருத்துவம் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஆய்வுகள் சொல்கின்றன"னு முடிக்காதீங்க. எந்த இதழ், எந்த வருஷம்னு போடுங்க. டிஓஐ இருந்தா அதன் இணைப்பு, இல்லைனா ஐஎஸ்எஸ்என் எண்ணோடு நூலகப் பட்டியலின் இணைப்பு. எண்ணை அடிச்சு இணைப்பு ஒட்ட அரை நிமிஷம் போதும். படிக்கிறவங்க நம்மைச் சரிபார்க்க வழி விட்டு எழுதுவோம். நாம் அதைச் செய்யாம, விளம்பரக்காரரை மட்டும் "ஆதாரம் காட்டு"னு கேட்பதில் அர்த்தம் இல்லை. விக்கிப்பீடியாவில் எழுதுபவர்களுக்கும் இதே வேண்டுகோள்தான். தமிழ்க் கட்டுரைகளிலும் அந்த எண் தவறாம இருக்கட்டும்.

23/
இந்த இழையிலிருந்து ஒண்ணே ஒண்ணு ஞாபகம் இருந்தா போதும். எட்டு இலக்க எண் ஒரு முகவரி. முகவரி உண்மையா இருப்பதால் அங்கே குடியிருப்பவர் நல்லவர்னு ஆகிடாது. ஆனா முகவரியே பொய்யா இருந்தா உள்ளே போகவே தேவையில்லை.

யார் என்ன எண்ணைக் காட்டினாலும் சர்க்கரை, பிரஷர், வலிப்பு, தைராய்டு மாத்திரைகளை நீங்களா நிறுத்தாதீங்க. சந்தேகம் இருந்தா அந்த விளம்பரத்தோடு பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. திட்ட மாட்டோம். சேர்ந்து தேடிப் பார்ப்போம்.

பயன்படும்னு நினைச்சா குடும்ப குரூப்புல பகிருங்க.